பர்வீனின் குரல்

இதயம் பலவீனமாகி வீடு திரும்பிய நோயாளிகளுடன் மருத்துவமனையின் இயந்திரம் தினமும் போனில் பேசியது. கால் வீங்கியிருக்கிறதா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்கும் அந்தக் குரல் மட்டும் மருந்தாளுநர் பர்வீனுடையது.

ஒருநாள் மருந்துக் கவுண்டருக்கு ஓர் அம்மா வந்தார். பர்வீன் பேசியதுமே அவர் கண் கலங்கியது.

"நீங்கதானா அது? தேவசகாயம் சம்சாரம் நான். போன வாரம் அவரு தவறிட்டாரு. என்கிட்ட ஒண்ணும் சொல்லமாட்டாரு. கதவச் சாத்திக்கிட்டு உங்ககிட்டதான் அழுவாரு. கடைசியா என்னம்மா சொன்னாரு?"

பர்வீன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆறுதலாக ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். முடியவில்லை.

"அது நான் இல்லம்மா. என் குரல்ல மெஷின்தான் பேசும்."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது மெஷின்னு தெரியாமலே அவரு போய்ச் சேந்துட்டாரு. அதுவரைக்கும் நல்லது" என்றார்.