வாக்கு ஸ்தானம்

முன்பதிவு செய்து, வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்ததும் உள்ளே போய் ஜாதகத்தை நீட்டினாள் அவள்.

"என்ன பார்க்கணும்?" ஜோதிடர் நிமிரவில்லை.

"என் வீட்டுக்காரர் ஜாதகம். முகம் கொடுத்துப் பேசியே மாசக்கணக்காச்சு. என் மேல பிரியம் இருக்கான்னு பாருங்க."

ஜோதிடர் கட்டங்களையே வெகுநேரம் பார்த்தார்.

"ஜாதகருக்கு மனைவின்னா உயிர். ஆனா வாக்கு ஸ்தானத்துல சனி உட்கார்ந்திருக்கான். மனசுல இருக்கறது வாய்க்கு வராது."

"கடைசிவரைக்கும் இப்படியேதானா?"

"கட்டம் குணத்தைத்தான் காட்டும். மாத்திக்கறது அவர் கையில."

'மனைவின்னா உயிர்' என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை வருஷம் ஏங்கினாள்.

"ஜாதகர் இன்னிக்காவது சாப்பாடு ஆறுறதுக்குள்ள வீட்டுக்கு வருவாரா?"

தன் ஜாதகத்தை மடித்து மனைவியின் கையில் கொடுத்தார் ஜோதிடர்.

"வந்துடறேன்."