மூன்றாவது முழுக்கு

"வேற ஆளே இல்லையா? இவர்கிட்டயா நான் தலையைக் கொடுக்கணும்?"

இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டார் சாயப்பட்டறை முதலாளி தியோக்ளேஸ்.

ஞானஸ்நானத்துக்கு உதவியாக நின்ற மாரோனுக்குச் சுருக்கென்றது. "சபை மூப்பர் ஒரு காலத்துல அடிமையா இருந்தவர்னு பாக்கறீங்களா ஐயா? எஜமான், அடிமை எல்லாம் கரையோட சரி. இஷ்டமில்லைன்னா கிளம்புங்க. அடுத்த பாஸ்கா பண்டிகைக்குப் பாத்துக்கலாம்."

"அந்தியோகியாவுக்கே சாயம் ஏத்துற மனுஷன். திமிரு மட்டும் வெளுக்கலையே!" என்று கரையில் ஒருவன் முணுமுணுத்தான்.

திமிரா? தியோக்ளேஸுக்கு இருந்தது உயிர்ப்பயம். அவருக்கல்லவா தெரியும் சங்கதி!

இந்த மூப்பர் சோய்லுஸ் ஒரு காலத்தில் அவருடைய பட்டறை அடிமை. ஒருநாள் விலையுயர்ந்த ஊதாத் துணியைக் கெடுத்துவிட்டான். பிடரியைப் பிடித்துச் சாயத்தொட்டிக்குள் அமுக்கினார் தியோக்ளேஸ். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை அவன் கைகால் அடங்கும்வரை விடவில்லை. எப்படியோ பிழைத்துக்கொண்டான். இடது காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. பிறகு அவனை விற்றுத் தொலைத்தார்.

அந்தத் தொட்டிதான் இத்தனை வருஷமாக அவர் நெஞ்சை அரிக்கும் பாவம். அதைக் கழுவத்தான் இன்றைக்கு ஆற்றில் இறங்கினார். கழுவ வந்து நிற்பது யார் என்றால், அவனே!

ஞானஸ்நானத்திலும் முழுக்கு மூன்று.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் சோய்லுஸ். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

பிடரியில் கை விழுந்தது.

முதல் முழுக்கு. மேலே வந்தார். அப்பாடா, உயிர் இருந்தது.

இரண்டாவது முழுக்கு. மூக்கில் தண்ணீர் ஏறியது. இருமிக்கொண்டே சோய்லுஸ் பக்கம் சாய்ந்து, "தப்புப் பண்ணிட்டேன்ப்பா, மன்னிச்சிரு" என்று கிசுகிசுத்தார்.

பதிலே இல்லை. அப்புறம்தான் உறைத்தது, சொன்னது இடது காதில்.

"ஐயோ!" என்று வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது முழுக்கு.

கை அமுக்கியது. நடுங்கிக்கொண்டே இன்னும் அமுக்கியது. மூச்சு முட்டியது. போச்சு, இன்றோடு கதை முடிந்தது...

வெடுக்கென்று தலை வெளியே வந்தது.

கரையில் பாட்டு கிளம்பியது. சோய்லுஸ் அவரைக் கட்டிப்பிடித்துச் சமாதான முத்தம் கொடுத்தார். அந்த உடம்பும் நடுங்கியது.

தியோக்ளேஸ் வலது காதுப் பக்கம் வந்தார். "என்னை மன்னிச்சிருப்பா... பயம் எனக்குத்தானே? உனக்கு ஏன் இப்படி நடுங்குது?"

சோய்லுஸ் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். மாரோனுடைய விரல்கள் அதில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"மனசு என்னைக்கோ மன்னிச்சிருச்சு ஐயா. இந்தக் கை மேலதான் எனக்கு நம்பிக்கை இல்லை. அதான், 'மூணாவது தடவை என் கையைப் பிடிச்சு மேலே இழுத்துடு, ஏன்னு மட்டும் கேக்காதே'ன்னு மாரோன்கிட்ட கெஞ்சிட்டு வந்தேன்."