மனசு உறுத்தாத மரம்

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்கிற மாதிரி குட்டி கிட்டார் ஒன்று இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? வயரைச் சொருகினால் தெருவுக்கே கேட்கும், சொருகாவிட்டாலும் தன்பாட்டுக்குப் பாடும். அப்படி ஒன்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரு வீட்டு மூலையில் வந்து சாய்ந்தது. பக்கத்தில் பழைய மர அலமாரியைப் பார்த்ததும் அதற்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“உங்களை எந்தக் காட்டுல திருட்டுத்தனமா வெட்டினாங்களோ, அண்ணே! என் கதையே வேற. எங்க தோப்புல ஒரு மரம் வெட்டினா மூணு கன்னு நட்டுடுவாங்க. என்னால பூமிக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.”

“நல்லா இரு தம்பி” என்றது அலமாரி.

அலமாரியின் காலுக்கடியிலிருந்து ஒரு கரையான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

“அப்படியா கண்ணு? இவ்வளவு பெரிய காட்டு மரத்தைத் திங்கிறோமேன்னு எனக்கு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. உன்னைத் தின்னா அந்தப் பாவமே இல்ல பாரு! ஏய் பிள்ளைங்களா, எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!”

பிள்ளைகள் சாரைசாரையாக வந்து கிட்டாரின் அடிப்பக்கம் ஏறத் தொடங்கின. கிட்டாருக்குத் தந்தியெல்லாம் வெடவெடத்தது.

“அண்ணே, அலமாரி அண்ணே! நானும் திருட்டு மரம்தான்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”