விளம்பரம் நின்ற அன்று

"எல்லா விளம்பரமும் நிக்கணும். ஒண்ணு விடாம" என்றார் அந்துவான்.

முத்தியால்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் தீபலட்சுமி அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை அகலம், கீழே குட்டியாக விசைப்பலகை. பிரான்சில் இருக்கும் அந்துவானின் மகன் தியரி அம்மாவுக்கென்று அனுப்பியது.

"இது லினக்ஸாச்சே முசியே, கம்ப்யூட்டர் படிச்சவங்க வச்சிக்கிறது. உங்க வீட்டு மதாமா வச்சிருக்காங்க?"

"சமையல் பக்கம் பாப்பா. பையனோட பேசுவா. அவ்ளோதான்."

"விளம்பரத்தப் பாத்துக் கண்டதையும் வாங்கிடறாங்களா?"

"அப்படித்தான்னு வச்சிக்கயேன்."

"பிரெஞ்சு பென்ஷன் வருது. மதாம் ரெண்டு பொடவ வாங்கினா கொறஞ்சா போயிடுவீங்க?"

அந்துவான் சிரித்து வைத்தார். கஞ்சன் என்றே நினைக்கட்டும்.

மனைவி ஜொசியானுக்குக் கணையத்தில் புற்று. மழைக்காலம் வரை இருந்தால் பெரிய விஷயம் என்று டாக்டர் இவரைத் தனியே அழைத்துச் சொன்னார். வயிற்றுப் புண் என்று இவர் மனைவியிடம் சொன்னார்.

அன்று அவள் குளிக்கப் போன நேரம், கைக்கு அகப்பட்ட இந்தக் கருவியில்தான் நோயின் பெயரைத் தேடினார். மறுநாளே அதற்கேற்ற விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. மீன் குழம்புக்குப் பக்கத்தில், புற்று மருந்தில் முடி கொட்டியவர்களுக்கான சவுரி முடி. வடகத்துக்குக் கீழே, வீட்டுக்கே வந்து கடைசிவரை பார்த்துக்கொள்ளும் நர்ஸ்.

மறைப்பது அவளுக்காகவா, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தனக்குத் தெம்பில்லாததாலா? தினமும் வீடு திரும்பும் வழியில் தன்னையே கேட்டுக்கொள்வார். பதில் வருவதற்குள் வீடு வந்துவிடும்.

"எப்படி நிறுத்துவ?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு விளம்பரமும் ஒரு விலாசத்துலேர்ந்து வருது. அந்த விலாசமெல்லாம் உனக்குள்ளயேதான் இருக்குன்னு இதுகிட்டப் பொய் சொல்லிடுவேன். தன் வீட்டுக் கதவத் தானே தட்டிப் பாத்துட்டு, யாரும் இல்லன்னு பேசாம இருந்துடும்."

"பொய்தானா?"

"நல்லதுக்குத்தானே முசியே."

சாயங்காலம் ஜொசியான் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சமையல் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல விளம்பரமே வரல."

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். சார்ஜ் சீக்கிரம் எறங்குதுன்னு."

"நல்லது."

"நாளைக்கிப் பெரிய மார்க்கெட் போறேன். சங்கரா மீன் வாங்கியாரட்டா?"

அவள் கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"சவுரி முடி வந்துச்சு. நர்ஸ் வந்தா. கடைசிக் கட்டத்துலயும் காப்பாத்துவோம்னு ஒருத்தன் மருந்தத் தூக்கிக்கிட்டு வந்தான். மெஷின்தானே, ஊருல எல்லாருக்கும் இதத்தான் காட்டும்னு நானும் தள்ளிட்டுக் கொழம்பப் பாப்பேன்."

அந்துவான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். காற்றே இல்லை.

"ஜொசி, அதெல்லாம் சும்மா..."

"அது அத்தன நாளு சொன்னப்ப நான் நம்பவே இல்லைங்க" என்றாள், கருவியின் திரையை மெதுவாக அணைத்துக்கொண்டே. "நீங்க ஓடிப்போய் அது வாய அடச்சிட்டு வந்தீங்க பாருங்க, அப்பதான் நம்பினேன்."