நோட்டில் எழுதிய சர்க்கரை

அப்பாவின் சர்க்கரை மீட்டரில் முன்னூற்றுப் பன்னிரண்டைப் பார்த்ததும் பதறிப்போன மகள், டாக்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரடங்கு தொடங்கியதிலிருந்து நேற்று வரை நோட்டில் தினமும் நூற்றுப் பத்துதான். அதை நம்பித்தான் டாக்டர் போனிலேயே மாத்திரையைப் பாதியாக்கியிருந்தார்.

“ஊரே பூட்டிக் கிடக்கு, உங்க வாயை மட்டும் பூட்ட முடியலையாப்பா?”

அப்பா தலைகுனிந்தார்.

“அவரைத் திட்டாதடி,” என்றாள் அம்மா. “ஊசியைக் கண்டாலே இந்த மாவீரருக்கு மயக்கம். தினமும் என் விரல்லதான் குத்துறோம், இன்னைக்கும்தான். அவர் தொடக் கூடாதுன்னு வீட்ல இருக்கிற இனிப்பைக்கூட நான்தான் தின்னு தீர்க்கிறேன்.”

“அப்போ இந்த முன்னூறு உனக்காம்மா?”

அம்மாவின் முகம் வெளுத்தது.

போனை எடுத்த டாக்டர் உற்சாகமாகக் கேட்டார். “சொல்லும்மா, அப்பாவுக்கு இன்னைக்கு எவ்வளவு?”