சமையலறை வாசலில் சிக்னல்

மூத்த மகனின் மேசைமேல் அவனுடைய லேப்டாப் முதுகைக் காட்டிக் கவிழ்ந்து கிடக்கிறது. ஜன்னல் வெயிலில், ரிப்பேர்காரர் கழற்றி வைத்த பொடித் திருகாணிகள் ஒரு பாட்டில் மூடிக்குள் மினுங்குகின்றன. விபத்து அவனைக் கொண்டுபோய் மூன்று மாதம். இனி இது தங்கச்சியின் படிப்புக்கு. "தம்பி, இந்த ரூம்ல சிக்னலே கிடைக்காதுன்னு நாலு வருஷமா சமையல்கட்டு வாசல்லயே உட்கார்ந்து வேலை பார்த்தான். புதுசு போட்டா இவளாவது இங்கேயே படிப்பா" என்கிறாள் அம்மா ரிப்பேர்காரரிடம். பூனைக்குட்டி மாதிரி காலையே சுத்தாதடா என்று அவனைப் பார்த்து எத்தனை தடவை கரண்டியை ஓங்கியிருக்கிறாள்! ரிப்பேர்காரர் இரண்டு மெல்லிய ஒயர்களைப் சிக்னலைப் பிடிக்கும் புது வைஃபை கார்டில் அழுத்துகிறார். 'டிக்' என்று உட்காருகிறது. பழைய கார்டை அம்மாவின் உள்ளங்கையில் வைக்கிறார். தபால் தலை அளவுதான் இருக்கிறது. "புதுசுல வேகம் கூடும்மா. ஆனா பழசும் ஒண்ணும் மோசமில்ல. கழட்டுறதுக்கு முன்னாடி இதே மேசையில வச்சுத்தான் பார்த்தேன், சிக்னல் ஃபுல்லா இருந்துச்சு." அவள் கையை மூடிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடக்கிறாள். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம். அவள் அணைக்கப் போகவில்லை. வாசலில், அவன் சாய்ந்து சாய்ந்து அழுக்கேறிய சுவரோரம் உட்காருகிறாள். அங்கேயிருந்து பார்த்தால் அடுப்பும், அதன் முன்னால் அவள் தினமும் நிற்கும் இடமும்தான் தெரிகின்றன, வேறொன்றும் தெரியவில்லை.