வழவழா கொழகொழா

"கண்ணாயிரம் முழுகினதை நீ பார்த்தியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

ஏட்டு காசிநாதன் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

மாயவன் தலையைச் சொறிந்தான். "பாத்த மாதிரியும் கீது ஏட்டய்யா, பாக்காத மாதிரியும் கீது."

"கிழிஞ்சுது போ! இதுக்குப் பேர்தான்யா வழவழா கொழகொழா!"

காசிநாதன் வாயில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது. மனுஷன் அவ்வளவு கறார். சாட்சி "சுமார் எட்டு மணி இருக்கும்" என்று இழுத்தாலே, "ஏழே முக்காலா, எட்டேகாலா? வழவழா கொழகொழா வேண்டாம்" என்பார். வீட்டில் மனைவி "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு, அவளுக்கும் இதே அர்ச்சனைதான்.

ஆனால் இன்றைய விஷயம் சின்னதில்லை. எழுபத்தி நாலு ஐப்பசி. கோவளத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்திலிருந்து ஒரே கட்டுமரத்தில் இரண்டு பேர் கடலுக்குப் போய், மாயவன் மட்டும் கரையேறியிருந்தான். நாலு நாளாகியும் கண்ணாயிரத்தின் உடம்பு எங்கும் ஒதுங்கவில்லை. போதாக்குறைக்கு, கடலுக்குப் போவதற்கு முந்தின நாள்தான் கிழிந்த வலைக்காக இருவரும் மணலில் கட்டிப் புரண்டிருந்தார்கள். ஊரே நின்று விலக்கிவிட்ட சண்டை.

"இவன்தான் என் புள்ளைய தள்ளி வுட்டுட்டான்! இவன் வெளங்குவானா?" கண்ணாயிரத்தின் தாயார் ஜெகதாம்பாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

காசிநாதன் குரலைத் தணித்தார். "டேய், உன் நல்லதுக்குச் சொல்றேன். அலை அடிச்சுது, அவன் முழுகிட்டான், கண்ணால பார்த்தேன்னு சொல்லு. எழுதிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கேன். இல்லேன்னா கொலைக் கேசு."

"அலை அடிச்சிச்சி. கட்டுமரம் கவுந்துச்சி. அப்பாலிக்கு... வேற யாருனா போட்டுல ஏத்திகினு போயிருக்கலாம். போவாமயும் இருக்கலாம்."

காசிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்யாதவன் எவனாவது இப்படி மழுப்புவானா? பயலுடைய கையைப் பிடித்தார்.

"நட ஸ்டேஷனுக்கு!"

மாயவன் அவர் இழுத்த பக்கம் நடந்தான். சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஏட்டய்யா! ஏட்டய்யா!"

கண்ணாயிரத்தின் மனைவி வசந்தா. நிறைமாசம். இடுப்பில் கையை ஊன்றி, மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். மாயவன் முகத்தில் காறித் துப்பத்தான் வருகிறாள் என்று காசிநாதன் கொஞ்சம் விலகி நின்றார். அவன் வாங்க வேண்டியதுதானே.

"அண்ணாத்தைய வுட்டுடுங்க ஏட்டய்யா."

"நல்லா இருக்கே! உன் புருஷன் என்ன ஆனான்னு சொல்ல மாட்டேங்கறான். அவனுக்குப் போய் நீ பரிஞ்சுகிட்டு வர்றே?"

"சொல்லிட்டாரு. கரையேறின அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. என் வூட்டுக்காரரு முழுகினத கண்ணால பாத்தாராம். எட்டிப் புடிச்ச கையும் நழுவிடுச்சாம்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஊரு முன்னால சொல்லாதீங்கன்னு நான்தான் அவரு கால்ல வுழுந்தேன்."

காசிநாதனின் பிடி தளர்ந்தது.

"ஜெயிலுக்குப் போகவும் துணிஞ்சிட்டானேம்மா! அப்படி என்ன மறைக்க வேண்டியிருக்கு?"

வசந்தா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு செத்துட்டாருன்னு நிச்சயமா தெரிஞ்சா, பொறக்கறதுக்கு முன்னாலயே அப்பன முழுங்கின புள்ளன்னு இத ஆயுசுக்கும் கரிச்சிக் கொட்டுவாங்களே ஏட்டய்யா!"